காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

வடசென்னைப் பக்கம் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, தலைமைத் தீயணைப்பு அதிகாரியாக ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பெயரும் போட்டோவும் வேண்டாம் என்பது அவர் போட்ட நிபந்தனை. 'பழைய கான்ட்ராக்டர்கள் இன்னும் என்னைத் தேடிக்கிட்டு இருக்காங்க' என்பது அவர் சொன்ன காரணம்.

கே: இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை தீயை அணைத்திருப்பீர்கள்?
*— ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்*

ப: அணைக்காமல் விட்டதைக் கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். கேஸ் பைப் ஓட்டையாகித் தீப்பிடித்தால் முதல் வேலை வால்வை மூடுவது. வால்வை மூடாமல் ஜுவாலையை மட்டும் அணைத்துவிட்டால் கேஸ் சத்தம் போடாமல் தரையோடு தரையாகப் பரவும். எங்கேயாவது ஒரு பொறி அதற்குக் கிடைக்கும். அப்புறம் தீ இருக்காது, வெடிதான். அதனால் எரிகிறதை எரியவிட்டு, பக்கத்து டேங்குக்குத் தண்ணீர் அடித்துக் குளிர்வித்தபடி நிற்போம். ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் ஓடிவந்து, "தீ அங்கே எரியுது, நீங்க இங்கே என்னய்யா தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறீங்க?" என்று குதித்தார். "சார், அது போனது போச்சு. இது போகாம பார்த்துக்கிறோம்" என்றேன்.

2009 அக்டோபர் 29-ல் ஜெய்ப்பூர் இந்தியன் ஆயில் டிப்போவில் பெட்ரோல் கசிந்து, ஆவி மேகமாகத் திரண்டு வெடித்தது. டேங்குகள் ஒன்று விடாமல் பற்றிக்கொண்டன. கடைசியில் 'எரிந்தே தீரட்டும்' என்றுதான் முடிவெடுத்தார்கள். வாரத்துக்கு மேல் எரிந்தது. டிவியில் பார்த்தவர்களெல்லாம் 'தீயணைப்புத் துறை என்ன செய்கிறது' என்று திட்டினார்கள். சும்மா இருப்பதற்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்பது டிவியில் தெரியாது.

கே: நீங்கள் காட்டிய மிகப் பெரிய வீரம் எது சார்?
*— கல்லூரி மாணவர், பொன்னேரி*

ப: ஒருவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தது.

ஷட்டவுன் நேரம். ஒரு பெரிய வெசலுக்குள் நைட்ரஜன் நிரப்பி வைத்திருந்தார்கள். மேன்ஹோல் மூடி திறந்திருந்தது. உள்ளே விழுந்த டார்ச்சை எட்டி எடுக்கக் குனிந்த ஹெல்பர் பையன் அப்படியே தலைகுப்புற உள்ளே போய்விட்டான். நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆளை இறக்க மாட்டோம். நைட்ரஜன் நிரப்பிய டேங்கில் அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம்; இரண்டு மூச்சில் ஆள் சுருண்டுவிடுவான். மூச்சு முட்டவும் செய்யாது, எச்சரிக்கையும் கிடையாது.

அதே வேலையில் அவனுடைய அண்ணன் இருந்தான். தம்பி விழுந்ததைப் பார்த்ததும் மேன்ஹோலில் காலை விட்டான். நான் பெல்ட்டைப் பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் யாரையும் விடாமல் திட்டினான். எங்கள் ஆட்கள் பிஏ செட் என்கிற சுவாசக் கருவியை மாட்டி, மாஸ்க் இறுக்கி, லைஃப்லைன் கட்டி இறங்குகிற வரை அவனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வெளியே நிற்கிறவனுக்கு அந்த நேரம் நகரவே நகராது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் என் கையைக் கடித்துவிட்டான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதனால் என்ன, பேசாமல் இருக்க இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடைச் சாவுச் செய்திகளைப் படியுங்கள். 'ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய மேலும் இருவர் பலி' என்று இரண்டாவது பத்தியில் இருக்கும். அந்த இரண்டாவது பத்தியை இல்லாமல் செய்வதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள்.

கே: தீயைக் கண்டு பயந்ததுண்டா?
*— வாசகர், சிதம்பரம்*

ப: பயப்படாதவனை நான் வண்டியில் ஏற்றியதே இல்லை.

கே: 2023 டிசம்பரில் அமோனியா கசிந்த ராத்திரி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினோம். எப்படி ஓடியிருக்க வேண்டும்?
*— மீனவக் குடும்பத்து வாசகி, எண்ணூர் பெரியகுப்பம்*

ப: அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியை அதிகாரிகள் உங்கள் ஊருக்கு வந்து, விபத்துக்கு முன்னால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவருகிற கடலடிக் குழாயில் கசிவு. முதலில் கண்ணெரிச்சல், அப்புறம் இருமல், அதற்குப் பிறகுதான் 'கேஸ்' என்ற சத்தம். உங்களுக்கு சைரனாக இருந்தது உங்கள் மூக்குதான்.

இனி உபயோகப்படுகிற மாதிரி சொல்கிறேன். ஓடுவதற்கு முன்னால் நின்று ஒரு விஷயம் பாருங்கள்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? ஆலையில் இதற்காகவே கம்பத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு காற்றுப்பை தொங்கும். உங்களிடம் கோயில் கொடி இருக்கிறது, படகுக் கொடி இருக்கிறது, முந்தானை இருக்கிறது. காற்று போகிற திசையிலேயே ஓடினால் கேஸும் உங்கள் கூடவே வரும், உங்களைவிட வேகமாகவும் வரும். கேஸ் வருகிற பக்கத்தை நோக்கி ஓடவும் முடியாது. குறுக்கே போங்கள், காற்றுக்கு இடதோ வலதோ. கேஸ் பெரும்பாலும் ஒரு பட்டையாகத்தான் நீண்டு போகும். அந்தப் பட்டையைவிட்டு வெளியே வந்தால் போதும். கடலோரத்தில் பகலில் கடல் காற்று, ராத்திரியில் தரைக் காற்று என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மார்கழி வாடையில் அந்தக் கணக்கு செல்லாது. கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். துண்டையோ புடவையையோ நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் பாதி வேகம் குறையும். கண்ணில் பட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே போக வழி இல்லையென்றால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணியுங்கள். அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குளிரவைத்த அமோனியா கசிந்தால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பனியாகத் தரையோடு தவழும். பாடப்புத்தகத்தை நம்பிக் கீழே உட்காராதீர்கள். குளோரின் நேர் எதிர்: எப்போதுமே காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். அதற்கு மாடிக்குப் போக வேண்டும்.

போபாலில் 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் இந்த ஈரத்துணி விஷயத்தை யாராவது ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும். நாற்பது டன் அளவுக்கு மெத்தில் ஐசோசயனேட் வெளியே வந்தது. ஆலையின் குளிரூட்டும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கேஸை எரித்துவிடுகிற ஃபிளேருக்குப் போகிற பைப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஊருக்கான சைரனைக் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் கேஸ் போன திசையிலேயே ஓடினார்கள். அந்த ராத்திரியில் உருப்படியான அவசரகாலத் திட்டம் வைத்திருந்தவர் என்று நான் ஒருவரைத்தான் சொல்வேன். ரயில்வே ஸ்டேஷனில் டூட்டியில் இருந்த துணை சூப்பிரண்டு குலாம் தஸ்தகீர். நின்றிருந்த ரயிலை மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். அவரிடம் பிஏ செட்டும் இல்லை, எமர்ஜென்சி மேனுவலும் இல்லை.

கே: கேஸ் வாடை நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமா?
*— இல்லத்தரசி, மாதவரம்*

ப: சமையல் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. நீங்கள் மோப்பம் பிடிப்பதற்காகவே மெர்காப்டன் என்கிற நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்கள். ஃபேன் போட்டுக் காற்றோட்டம் உண்டாக்கும் புத்திசாலிகளின் வீடுகளைப் பிறகு போய்ப் பார்த்திருக்கிறேன். ஃபேன் மட்டும் வெளியே கிடக்கும்.

ஆலையிலும் சாக்கடையிலும் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு ஜாதி. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் தாண்டினால் சில நிமிஷத்தில் மூக்கே மரத்துவிடும். 'நாத்தம் போயிடுச்சு சார்' என்று ஒருவன் நிம்மதியாகச் சொன்னால், அவனை முதலில் வெளியே தள்ளுவோம். காரணத்தை அப்புறம் சொல்வோம்.

கே: மாக் டிரில் எல்லாம் வெறும் நாடகம்தானே?
*— தொழிற்சங்க நண்பர், ராணிப்பேட்டை*

ப: நாடகத்துக்காவது ஒத்திகை பார்ப்பார்கள்.

தேதி முன்கூட்டியே சுற்றறிக்கையில் வந்துவிடும். பதினோரு மணிக்கு சைரன். பத்தே முக்காலுக்கே எல்லாரும் டீ குடித்துவிட்டு அசெம்பிளி பாயிண்ட் பக்கம் நிழல் பார்த்து நிற்பார்கள். 'காயம்பட்டவராக' நடிக்க எப்போதும் ஒல்லியான ஆளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஸ்டிரெச்சர் தூக்க லேசு என்று. மாவட்ட அதிகாரி வந்து 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வடை வரும்.

சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டிரில் வைத்தேன். ஆம்புலன்ஸ் கிளம்பவில்லை. சாவி டிரைவர் சட்டைப்பையில், சட்டை டிரைவர் உடம்பில், டிரைவர் மீஞ்சூரில் அவர் வீட்டில். ஹைட்ரண்டைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மாட்டுவதற்கு ஹோஸ் இல்லை. ஹோஸ் பாக்ஸில் யாரோ செருப்பும் சாப்பாட்டுக் கேரியரும் வைத்திருந்தார்கள். அசெம்பிளி பாயிண்டில் தலை எண்ணினால் மஸ்டர் லிஸ்ட்டில் இருப்பதைவிட ஆறு பேர் அதிகம்! அந்த ஆறு பேர் கான்ட்ராக்ட் ஆட்கள், கணக்கிலேயே இல்லை. நிஜ விபத்தாக இருந்து அவர்கள் உள்ளே மாட்டியிருந்தால், 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்போம். மறுநாள் எனக்கு மெமோ வந்தது, 'ஊழியர்களின் தூக்கத்தைக் கெடுத்ததற்கு'. அந்த மெமோவை ஃபிரேம் போட்டு வைக்க நினைத்தேன், மனைவி சம்மதிக்கவில்லை.

கே: பெரிய விபத்தெல்லாம் ராத்திரியிலேயே நடக்கிறதே, ஏன்?
*— வங்கி ஊழியர், கோவை*

ப: எல்லாம் இல்லை. ஜெய்ப்பூரில் சாயங்காலம் வெடித்தது. இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை, 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை; 28 பேர் செத்தார்கள். ஆபீஸுக்கு லீவு நாள், இல்லாவிட்டால் கணக்கு பல மடங்கு ஏறியிருக்கும். ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயம். ராத்திரியில் கெமிக்கலுக்குப் புதிதாகக் கோபம் வருவதில்லை. ஆள் குறைவு, முடிவெடுக்கிறவர் வீட்டில் தூக்கம், அவரை எழுப்பலாமா கூடாதா என்று கீழே இருக்கிறவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தில் போகிற நேரம்தான் விபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. 2020 மே 7, விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ். ஊரடங்கில் நிறுத்தி வைத்த ஆலை. டேங்கில் இருந்த ஸ்டைரீன் தானாகச் சூடேறி, ஆவியாகி, விடியற்காலையில் ஊருக்குள் போனது. சைரன் ஒலிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. நிறுத்தி வைத்த ஆலை ஓடுகிற ஆலையைவிடப் பத்திரம் என்று நினைப்பவர்களை அந்த ஊருக்கு ஒரு நடை அனுப்பலாம்.

இன்னொன்று ஷிஃப்ட் மாறும் நேரம். 1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்ட்காரர்கள் ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வை ரிப்பேருக்குக் கழற்றி, அந்த இடத்தைத் தகட்டால் மூடி வைத்தார்கள். 'இந்தப் பம்ப்பை ஓட்டாதே' என்கிற பர்மிட் காகிதம் ராத்திரி ஷிஃப்ட்காரர் கண்ணில் படவில்லை. வேறொரு பம்ப் நின்றுபோக, இதை ஓட்டினார்கள். 167 பேர். அவர்களில் இரண்டு பேர், கடலில் குதித்தவர்களைத் தூக்க வந்த மீட்புப் படகுக்காரர்கள். நான் ஷிஃப்ட் ஒப்படைக்கிற லாக் புத்தகத்தில் 'ஆல் நார்மல்' என்று எழுதுகிறவனைக் கண்டால் பேனாவைப் பிடுங்கிவிடுவேன். எட்டு மணி நேரம் ஒரு ஆலை ஓடி எதுவுமே நடக்கவில்லை என்றால் அவன் ஆலையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கே: எண்ணெயில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறார்களே, ஏன் தாத்தா?
*— ஏழாம் வகுப்பு மாணவி, விருதுநகர்*

ப: பாப்பா, தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய்விடும். அங்கே இருக்கிற சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகும். ஆவியானால் அதற்கு 1,700 மடங்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்காக மேலே இருக்கிற எண்ணெயைத் தீயோடு சேர்த்து வாரி இறைத்துவிடும். தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுடும்போது வாணலி பற்றிக்கொண்டால் அடுப்பை நிறுத்தி, ஒரு தட்டைத் தள்ளி மூடச் சொல். ஆலையில் தட்டு கிடைக்காது, அதற்குப் பதில் நுரை போட்டு மூடுவோம். தாத்தா என்று கூப்பிட்டதற்காக உன்மேல் கோபம் இல்லை.

கே: கேஸ் லீக் ஆகிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னால், 'நாளைக்கு வேலைக்கு வராதே' என்கிறார். என்ன செய்யட்டும் அண்ணே?
*— கான்ட்ராக்ட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி*

ப: தம்பி, போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41ஏ முதல் 41எச் வரை சேர்த்தார்கள். ஆபத்து வரும் என்று நியாயமாகத் தோன்றினால் அதை நேரடியாகவோ பாதுகாப்புக் குழு மூலமாகவோ மேலாளர் கவனத்துக்குக் கொண்டுபோவது தொழிலாளியின் உரிமை என்றது 41எச். 1989-ல் அபாய ரசாயன விதிகள், 1996-ல் ரசாயன விபத்து விதிகள், ஆலைக்கு வெளியே இருக்கிற ஊர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு ஆஃப்சைட் பிளான். காகிதத்தில் நமக்குக் குறையே இல்லை. அந்த பிளான் புத்தகம் ஒன்றை ஒரு அலுவலகத்தில் கேட்டபோது பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார்கள். முதல் பக்கத்து போன் நம்பருக்கு அடித்தால் அது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனது.

உனக்குச் சட்டம் சொன்னால் வயிறு நிறையாது என்று எனக்குத் தெரியும். அதனால் வழக்கமாக நான் சொல்கிற குறுக்கு வழி: வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு. தேதி, நேரம், எந்த வால்வு, அவ்வளவுதான். தனியாகப் போகாதே, நாலு பேர் கையெழுத்தோடு போ. வாயால் சொன்னால் அது புகார், எழுதிக் கொடுத்தால் அது ஆதாரம். ஆதாரம் வைத்திருக்கிறவனை வெளியே அனுப்ப எந்த சூப்பர்வைசரும் கொஞ்சம் யோசிப்பார். அதையும் மீறி அனுப்பினால், அந்த இடத்தில் நீ இல்லாமல் இருப்பது உன் பிள்ளைகளுக்கு நல்லதுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது; பென்ஷன் வாங்கிக்கொண்டு சொல்கிறேன் பார்.

கே: தீ விபத்து என்றால் ஊரே திரண்டு உதவுகிறது. ஆனால் உங்களைப் போன்றவர்கள் விரட்டுகிறீர்கள். மனிதாபிமானம் வேண்டாமா?
*— சமூக ஆர்வலர், சாத்தூர்*

ப: சாத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் சாத்தூர்ப் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை. முதல் தீ பிடித்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் காப்பாற்ற ஓடினார்கள், சிலர் பார்க்க ஓடினார்கள். கிடங்கு வெடித்தது அதற்கப்புறம். 38 பேர் இறந்தார்கள். அதில் ஆலைத் தொழிலாளிகளைவிட ஓடிவந்தவர்கள்தான் நிறைய. நல்ல மனசு என்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல மனசுக்கு வெடிமருந்து வழிவிடாது என்கிறேன்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1947 ஏப்ரல் 16-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி துறைமுகம். அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய பிரெஞ்சுக் கப்பலில் புகை. புகை ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருந்ததாம். குழந்தை குட்டிகளோடு வந்து நின்று பார்த்தார்கள். வெடித்ததில் ஐந்நூறு பேருக்கு மேல் போனார்கள். அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் மிஞ்சியவர் ஒருவர். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1944 ஏப்ரல் 14, நம்முடைய பம்பாய் விக்டோரியா டாக். ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் பருத்தி மூட்டையும் வெடிமருந்தும் ஒன்றாக. பருத்தியில் தீ. அணைக்க ஏறினவர்களோடு கப்பல் வெடித்தது. ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் நாங்கள் சட்டைப்பையில் சின்னக் கொடி குத்திக்கொண்டு உண்டியல் குலுக்குகிறோமே, அது அந்தத் தீயணைப்பு வீரர்களுக்காக. தமிழ்நாட்டில் அன்றைக்கு எல்லாரும் புத்தாண்டுப் பாயசத்தில் மும்முரம்.

2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட். அங்கேயும் தீ என்று சொல்லித்தான் பத்துப் பேரை அனுப்பினார்கள். உள்ளே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பத்துப் பேரும் திரும்பவில்லை. அந்த வாரம்தான் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-ல் சுங்கத்துறை பிடித்துவைத்த அதே சரக்கு, சுமார் எழுநூறு டன், ஐந்து வருஷமாகக் கிடப்பது நம் ஊருக்கே ஞாபகம் வந்தது. அவசர அவசரமாக லாரி ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் தீயணைப்பு வேலை பார்த்தவனுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

ஆகவே நான் கயிறு கட்டி உங்களை விரட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது இன்னும் சத்தமாக விரட்டுவேன். மனிதாபிமானத்தைக் காட்ட ரோட்டை மறிக்காமல் ஆம்புலன்ஸுக்கு வழி விடலாம், ரத்தம் கொடுக்கலாம், செல்போனைப் பையில் போடலாம்.

கே: விருது ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?
*— வாசகர், நாகர்கோவில்*

ப: விபத்து நடந்து அணைத்தால் விருது. நடக்காமல் பார்த்துக்கொண்டால் அடுத்த வருஷ பட்ஜெட்டில் வெட்டு. 'அஞ்சு வருஷமா ஒண்ணுமே நடக்கலையே, உங்களுக்கு எதுக்குப் புது ஃபயர் டெண்டர்?' என்று ஒரு நிதி அதிகாரி கேட்டார். அதைத்தான் எனக்குக் கிடைத்த விருது என்று வைத்திருக்கிறேன்.

கே: ஹைவேயில் டேங்கர் லாரி கவிழ்ந்து கிடந்தால் முதலில் என்ன செய்வது?
*— வேன் ஓட்டுநர், நாமக்கல்*

ப: குடத்தைக் கீழே வையுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2017 ஜூனில் பாகிஸ்தானில் பஹாவல்பூர் பக்கம் கவிழ்ந்த டேங்கரில் எண்ணெய் பிடிக்கப் போனவர்கள் இருநூறு பேருக்கு மேல் கருகினார்கள். கேரளத்தில் கண்ணூர் சாலாவில் 2012 ஆகஸ்ட் 27, கேஸ் டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கேஸ் வீடுகளுக்குள் பரவியது, ஏதோ ஒரு நெருப்பு காத்திருந்தது. இருபது பேர்.

டேங்கரின் பின்னாலும் பக்கத்திலும் ஒரு தகடு இருக்கும். அதில் நாலு இலக்க எண்: 1203 பெட்ரோல், 1075 சமையல் கேஸ், 1005 அமோனியா, 1017 குளோரின். கிட்டே போய்ப் படிக்காதீர்கள், தூரத்திலிருந்து செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் படியுங்கள். உங்கள் போனுக்கு அதைவிட நல்ல உபயோகம் நான் கண்டதில்லை. 112-க்கு அந்த எண்ணைச் சொல்லுங்கள். 'ஏதோ லாரி' என்றால் நாங்கள் ஏதோ ஒன்றைக் கொண்டுவருவோம். இன்ஜினை அணையுங்கள். பீடியைப் பற்றவைக்கவே வேண்டாம். கேஸ் டேங்கரில் தீ பிடித்துவிட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் விலக வேண்டும். எண்ணூறு அடி தள்ளி நின்று வீடியோ எடுக்கிறவர் ஃபேஸ்புக்கில் போடுவதற்கு இருக்க மாட்டார்.

கே: என் மகன் 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமா படிக்கிறேன் என்கிறான். சேர்க்கலாமா?
*— விவசாயி, பட்டுக்கோட்டை*

ப: தாராளமாக. ஆனால் 'ஆறு மாதம், நூறு சதவீதம் வளைகுடா வேலை' என்று பஸ்ஸுக்குப் பின்னால் விளம்பரம் செய்கிற இடத்தில் வேண்டாம். அங்கே தீயை ப்ரொஜெக்டரில் மட்டும்தான் காட்டுவார்கள். நாக்பூரில் மத்திய அரசின் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது, 1956 முதல் நடக்கிறது. அதற்குப் பையன் முயலட்டும். சேர்ந்த பிறகு அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: ஹோஸ் பிடிக்கப் பத்து நாளில் பழகிவிடலாம். ஆலையின் பைப்லைன் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். எந்த வால்வை மூடினால் எது நிற்கும் என்று தெரிந்தவனைத்தான் இன்ஜினியர்கள் மதிப்பார்கள். மற்றவனை 'தண்ணி அடிக்கிற ஆள்' என்பார்கள்; நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் வேறு இருக்கிறது.

கே: இந்த உத்தியோகத்தைப் பற்றி உங்கள் வீட்டம்மாவின் அபிப்பிராயம்?
*— வாசகி, மயிலாப்பூர்*

ப: பிஏ செட்டில் காற்று தீரப்போகிறது என்றால் ஒரு விசில் அடிக்கும், அடித்தால் எந்த வேலையானாலும் விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் குக்கர் முதல் விசில் அடித்ததும் நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவர் அபிப்பிராயத்தை அங்கிருந்தே கேட்டுக்கொள்வேன்.

கே: ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது?
*— வாசகர், திருச்சி*

ப: கல்யாணங்களுக்குப் போகிறேன். போன இடத்தில் வாசலை எண்ணுகிறேன். திருச்சிக்காரரான உங்களுக்கு 2004 ஜனவரி ஸ்ரீரங்கம் மறந்திருக்காது: மாடியில் கீற்றுப் பந்தல், வீடியோ லைட் ஒயர், இறங்க ஒடுக்கமான படிக்கட்டு, மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல்.

போன ஆவணியில் ஒரு மண்டபம். சமையல்கட்டில் படிக்கட்டுக்கு அடியில் எட்டு கேஸ் சிலிண்டர் வரிசையாக. பின்வாசல் பூட்டு. ஏன் என்று கேட்டால், "செருப்பு திருட்டுப் போகுது சார்" என்றார்கள். சாவி மேனேஜரிடம், மேனேஜர் பந்தியில். இலையிலிருந்து அவரை எழுப்பி, பூட்டைத் திறக்கவைத்து, ஆறு சிலிண்டரை வெளியே தூக்கவைப்பதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சித்தப்பா என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டார்கள். மொய் எழுதும் இடத்தில்தான் குட்டு உடைந்தது: நான் போக வேண்டியது எதிர் மண்டபம்.